தொலைந்த தகடும் தொலையாத உரிமையும்

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் எவை எவை இருக்க வேண்டும் என்று கேட்டால், எந்தக் காரியதரிசியும் தயங்காமல் விடை கூறுவார். ரொக்கம், காசோலைப் புத்தகம், கடன் பத்திரங்கள், கட்டிடத்தின் கிரயப் பத்திரம், சங்கத்தின் முத்திரை. அதே காரியதரிசியிடம், "தங்கள் கம்ப்யூட்டருடன் வந்த குறுந்தகடு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் நம்மைப் பார்ப்பார். பிறகு குமாஸ்தாவைப் பார்ப்பார். குமாஸ்தா பரணைப் பார்ப்பார். பரண் மேல் பழைய பேரேடுகளும் உடைந்த தராசும் இருக்கும், தகடு இராது.

இதனை வேடிக்கைக்காக எழுதவில்லை. நாம் ஆய்வுக்குச் சென்ற பல சங்கங்களில் கண்டது இது. நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் கடன் சங்கமாயினும் இன்று கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்ச் செலவிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. கணக்கு ஏறியது, கணக்கைத் தாங்கும் இயந்திரம் படுத்துவிட்டால் அதனை எழுப்பும் வழி என்னவென்ற எண்ணம் மட்டும் இன்னும் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்துக்கு ஆண்டு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அன்று சனிக்கிழமை, கூலி நாள். திண்ணையில் முப்பது பேருக்குக் குறையாமல், நெய்து முடித்த சேலைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். கம்ப்யூட்டரோ, இயக்க முறைமையின் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் தேடியபின் தகடு நூல் கிடங்கில் அகப்பட்டது. உறையில்லாமல், தூசியும் பஞ்சும் படிந்து, தறிக்குரிய ஆணிகளோடு ஒரு தகர டப்பாவில் கிடந்தது. போட்டுப் பார்த்தார்கள். பாதி வரை ஓடி நின்றது. மூன்று முறை போட்டும் அதே இடத்தில் நின்றது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் அழைக்கப்பட்டார். அவர் தம் பையிலிருந்து தம்முடைய தகடு ஒன்றை எடுத்து, "உள்ளே இருப்பதெல்லாம் வேண்டுமா?" என்று கேட்டார். கேள்வியின் பொருள் ஒருவருக்கும் விளங்கவில்லை. "எப்படியாவது ஓட வைத்தால் போதும்" என்று குமாஸ்தா சொன்னார். மாலைக்குள் இயந்திரம் ஓடியது. ஏழு மாதக் கணக்கு அதனுள் இல்லை.

ரொக்கப் புத்தகமும் கூலிச் சீட்டின் அடிக்கட்டைகளும் காகிதத்தில் இருந்தபடியால் சங்கம் பிழைத்தது. அவற்றைக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற பத்தொன்பது நாட்கள் ஆயின. இரண்டு சனிக்கிழமைகள் உத்தேசக் கணக்கில் முன்பணம் கொடுக்கப்பட்டது. வயது முதிர்ந்த நெசவாளி அம்மையார் ஒருவரின் பாஸ் புத்தகம் வரவு வைப்பதற்காகச் சங்கத்திலேயே இருந்தது. அதில் மூன்று மாதச் சேமிப்புப் பிடித்தம் எழுதப்படவில்லை. இயந்திரத்திலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை என்றபோது அவர் நம்மிடம் கூறியது இன்றும் நம் செவியில் இருக்கிறது: "என் கை நெய்தது எனக்குத் தெரியுமுங்க ஐயா. உங்க பெட்டிக்குத் தெரியாமப் போனா நான் என்ன செய்வேன்?" அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அவருக்குரியதைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை.

ஏனெனில், அதற்கு முந்தின ஆண்டும் அந்தச் சங்கத்தை ஆய்வு செய்தவர்கள் நாமே. நாற்காலிகளை எண்ணினோம், சுவர்க் கடிகாரத்தை எண்ணினோம், கம்ப்யூட்டர் ஒன்று என்று எழுதினோம். அதனுடன் வந்த தகடு எங்கே, சாவி எண் எங்கே, கணக்கின் நகல் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே இக்கட்டுரையில் கூறப்படும் குறைகளில் ஒரு பங்கு நம்முடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

தகடு வேறு, உரிமை வேறு

பலரும் செய்யும் முதல் பிழை, தகட்டையே சொத்து என்று கருதுவது. தகடு தொலைந்தவுடன், இயக்க முறைமையை மீண்டும் முழு விலைக்கு வாங்க வேண்டுமென்று சிலர் அஞ்சுகின்றனர். இனிச் சட்டப்படி வழியில்லை, யாரிடமாவது கள்ள நகல் வாங்கியே தீரவேண்டும் என்று சிலர் துணிந்துவிடுகின்றனர். இரண்டும் தவறு.

ஜக்கார்டுத் தறியை அறிந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். சேலையின் கரையில் அன்னமோ கோபுரமோ எழும்புவது, துளையிட்ட அட்டைகளின் வரிசையால். அட்டை ஒன்று கிழிந்தால் தறி நின்றுவிடும். அதற்காக டிசைனையே புதிதாக விலை கொடுத்து வாங்குவார் உண்டோ? வரைபடத் தாளைப் பார்த்து, கிழிந்த அட்டைக்குப் பதில் வேறு அட்டை குத்திக்கொள்வோம். 1804ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் அமைத்த அந்தத் துளையட்டை முறையே பின்னாளில் கணக்கிடும் இயந்திரங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. அந்த உறவு இந்த விஷயத்திலும் பொருந்துகிறது. தகடு என்பது அட்டை. அதனைப் பயன்படுத்தச் சங்கம் பெற்ற உரிமையே டிசைன். உரிமைக்கு அடையாளம் 25 எழுத்துக்களும் எண்களும் கொண்ட சாவி எண். விண்டோஸ் வகையில், பழைய இயந்திரங்களில் அது பெட்டியின் பக்கவாட்டிலோ மடிக்கணினியின் அடிப்புறத்திலோ ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், கம்பெனியிலிருந்தே விண்டோஸ் ஏற்றி விற்கப்படும் இயந்திரங்களில் சாவி எண் பெரும்பாலும் தாய்ப்பலகையின் சில்லிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. சீட்டு இல்லையே என்று அவர்கள் கலங்க வேண்டியதில்லை.

பழைய சீட்டு வெயிலிலும் கைபட்டும் மங்கிப் போவது சாதாரணம். தகட்டை மாற்றிக்கொள்ளலாம், மங்கிப்போன எண்ணை எவரும் படித்துச் சொல்ல முடியாது. ஆகையால் இதனைப் படிக்கும் அன்பர்கள் நாளையே அந்த எண்ணை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தால், இக்கட்டுரையின் பயனில் பாதி கிடைத்துவிட்டதென்போம்.

கெட்ட தகடு எப்போது கெட்டது?

தகடு ஓடவில்லையென்றால் உடனே எறிந்துவிட வேண்டாம். குற்றம் தகட்டினுடையதா, அதைப் படிக்கும் கருவியினுடையதா என்று முதலில் அறிய வேண்டும். நூல் பஞ்சு பறக்கும் இடங்களில் கருவியின் கண்ணாடி மங்கிவிடுவதுண்டு. வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தகட்டின் பளபளப்பான அடிப்புறத்தில் விழும் மெல்லிய கீறல் பெரும்பாலும் மேலுள்ள பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும். மெருகேற்றினால் பிழைப்பதும் உண்டு. எழுத்து அச்சிட்ட மேற்புறத்தில் விழும் கீறலே சி.டி.க்கு ஆபத்து, ஏனெனில் செய்தியைத் தாங்கும் உலோகப் படலம் அந்த மேற்பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. டி.வி.டி.யில் அப்படலம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுப் பத்திரம். துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைக்கலாகாது. வட்டக் கீறல் எழுத்து வரிசையின் வழியே ஓடி நீண்ட பகுதியைக் கெடுத்துவிடும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. கம்பெனியில் அச்சிட்டு வரும் தகடு நெடுங்காலம் நிற்கும். நாம் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளும் தகட்டில் செய்தி ஒரு சாயப் படலத்தில் பதிகிறது. சாயத்துக்கு வெயில் பகை என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஜன்னலோரத்தில் வைத்த தகடு ஒரு கீறலுமின்றியே கெட்டுப்போவதன் காரணம் அதுவே.

மாற்றுத் தகடு பெறும் வழிகள்

கம்ப்யூட்டருடன் சேர்ந்தே வந்த இயக்க முறைமையாயின், மாற்றுத் தகட்டுக்குக் கேட்க வேண்டிய இடம் அந்தக் கம்ப்யூட்டரைத் தயாரித்த கம்பெனி. இயந்திரத்தின் மாடல் பெயரும் வரிசை எண்ணும் கேட்பார்கள். தகட்டுக்கும் தபாலுக்கும் ஒரு சிறு கட்டணம் கேட்கக்கூடும். பழைய மாடல்களுக்கு இருப்பு இல்லையென்று சொல்லிவிடவும் கூடும். ஆதலின் காலந்தாழ்த்தாமல் கேட்பது நல்லது.

தகடே வராத இயந்திரங்களும் பல. அவற்றில் ஹார்டு டிஸ்கின் ஒரு தனிப் பகுதியில் மீட்புக்குரிய கோப்புகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். இயந்திரம் தொடங்கும்போது குறித்த ஒரு விசையை அழுத்தினால் அப்பகுதி திறக்கும். விசை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஆனால் ஹார்டு டிஸ்கே பழுதானால் இந்தப் பகுதியும் உடன் போய்விடும். கிணற்றுக்குள் விழுந்தவனுக்கு உதவும் கயிற்றைக் கிணற்றுக்குள்ளேயே வைத்திருப்பது போன்றது இது. அதனால்தான், வாங்கிய புதிதில் மீட்புத் தகடு அல்லது பென் டிரைவ் செய்துகொள்ளுங்கள் என்று இயந்திரமே கேட்கிறது. 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தும் விரல்கள்தான் எத்தனை!

விண்டோஸ் 10 வந்த 2015 முதல் வழி இன்னும் எளிதாகியிருக்கிறது. நல்ல நிலையிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, மைக்ரோசாப்ட் கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள கருவியைக் கொண்டு, குறைந்தது 8 ஜி.பி. கொள்ளும் பென் டிரைவில் நிறுவு கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம், இதற்குக் கட்டணமில்லை. அதே இயந்திரத்தில் முன்பு முறையாக உரிமை பெற்றிருந்தால், நிறுவியபின் இணையத்தில் சேர்த்தவுடன் அவ்வுரிமை தானே மீளும். எந்தப் பதிப்புக்கு உரிமை உண்டோ அந்தப் பதிப்பையே நிறுவ வேண்டும். வீட்டுப் பதிப்பின் சாவி, தொழிற் பதிப்பைத் திறவாது. தாய்ப்பலகையை மாற்றிவிட்டால், இயந்திரத்தோடு கட்டுண்ட உரிமை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இயக்க முறைமை கெட்டது என்றால் கணக்கு கெட்டது என்று பொருளல்ல. கதவின் பூட்டு கெட்டதற்காக வீட்டை இடிப்பாரில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துக் கணக்கை நகல் எடுத்துக்கொண்ட பிறகே, மெக்கானிக் எந்தத் தகட்டையும் போட வேண்டும். நாம் மேலே கூறிய சங்கத்தில் அந்த ஏழு மாதக் கணக்கும் தகட்டைப் போடும் நிமிஷம் வரை உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது.

"மெக்கானிக்கிடம் தகடு இருக்கிறதே!"

இதனைப் பல காரியதரிசிகள் நம்மிடம் கூறியிருக்கின்றனர். அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் காத்திருக்க நேரமில்லை. கூலி நாள் காத்திருக்காது. விளைச்சலை அடகு வைக்க வந்த விவசாயி வாசலில் வண்டியோடு நிற்கிறார். ஐந்நூறு ரூபாயில் ஒரு மணியில் வேலை முடிகிறதென்றால் எவருக்கும் ஆசை எழுவது இயல்பே.

ஆனால் அந்தத் தகடு யாருடையது? அதனுள் இருக்கும் சாவி எண் யாருடையது? கள்ள நகலோடு எந்த வேவுக் கிருமி சேர்ந்து வருகிறதென்று கொடுப்பவருக்கே தெரியாது. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள இயந்திரத்தில் அதனை ஏற்றுவது, இரும்புப் பெட்டியின் மாற்றுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 63பி பிரிவு, கள்ள நகலென்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அந்தத் தொகை எங்கிருந்து வரும்? அங்கத்தினரின் பங்குத் தொகையிலிருந்தன்றோ?

அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு நமக்குச் சாதகமாகவும் பேசுகிறது. நிரலின் நகலை முறையாக உடையவர், அது தொலைந்தும் சிதைந்தும் போகாதபடி காப்பதற்காகத் தமக்கென ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்வது குற்றமாகாது. ஆகவே தகடு நன்றாயிருக்கும்போதே நகல் எடுத்துவைப்பவர் அஞ்ச வேண்டுவதில்லை. எடுக்காமல் விட்டுப் பிறகு திருட்டு நகலைத் தேடுபவரே அஞ்ச வேண்டும்.

பழைய தகட்டைத் தேடுவது தகுமா?

சில சங்கங்களில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்.பி.யும் விண்டோஸ் 7ம் ஓடுகின்றன. அவற்றின் தகட்டைத் தேடி அலைவோருக்கு ஒரு சொல். எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஓட்டைப் படகின் துடுப்பைத் தேடிக் கண்டெடுப்பதால் பயனில்லை. அத்தகைய இயந்திரத்தைப் பழைய கணக்கைப் பார்ப்பதற்கு மட்டும், இணையத்தில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம். பணம் செல்லும் காரியத்துக்கு ஆகாது.

விண்டோஸ் 11 ஏற்கும் தகுதி பல பழைய இயந்திரங்களுக்கு இல்லை. புதியது வாங்க நிதி இல்லாத சங்கங்கள், உரிமைக் கட்டணமற்ற லினக்ஸ் வகையை எண்ணிப் பார்க்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கும். உபுண்டு என்னும் மற்றொரு வகையை அதன் நிறுவனத்தார் 2005 முதல் 2011 வரை கேட்டவர்க்கெல்லாம் தகடாகவே தபாலில் இலவசமாக அனுப்பினர். இன்று இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். இவற்றை ஒருவர் நகலெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை; தகடு தொலைந்ததென்ற கவலையே இங்கு எழாது. ஆயினும் சங்கத்தின் கணக்கு நிரல் இதில் ஓடுமா என்று சோதித்த பிறகே மாற வேண்டும். வெறும் சிக்கனத்துக்காக அவசரப்படுவதை நாம் ஆதரிக்கவில்லை.

கூட்டுறவுக்குரிய வழி

தனித்தனியே ஒவ்வொரு சங்கமும் இதற்கெல்லாம் ஆள் வைக்க இயலாதென்பது நமக்குத் தெரியும். தனியாக இயலாததைச் சேர்ந்து செய்வதற்கன்றோ சங்கம் கண்டோம்? நூலைச் சேர்ந்து வாங்குகிறோம். உரத்தைச் சேர்ந்து வாங்குகிறோம். அவ்வாறே ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த பத்துச் சங்கங்கள் கூடி, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொள்ளலாம். முறையான வழியில் இறக்கிச் சரிபார்த்த நிறுவு பென் டிரைவுகள் இரண்டு, கணக்கை நகலெடுக்க ஒரு வெளி ஹார்டு டிஸ்க் ஆகியவை கொண்ட பெட்டி ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பெட்டி பொது, சாவி எண்கள் மட்டும் அவரவருடையவை. ஒரு சங்கத்தின் சாவியை மற்றொரு சங்கத்துக்குப் போடுவது, ஒருவர் பங்கில் மற்றொருவர் கடன் வாங்குவதைப் போன்ற குற்றம்.

சங்கத்தளவில் செய்ய வேண்டியவை நான்கே. முதலாவது, தகடு, பென் டிரைவ், சாவி எண், வாங்கிய ரசீது ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி இரும்புப் பெட்டியில் வைப்பது. இரண்டாவது, வாங்கிய வாரத்திலேயே மீட்பு நகல் செய்து, அதனால் இயந்திரம் தொடங்குகிறதா என்று ஒரு முறை சோதிப்பது; சோதிக்காத நகல் நகலாகாது. மூன்றாவது, கணக்கின் நகலை வாரந்தோறும் எடுத்துச் சங்கக் கட்டிடத்துக்கு வெளியே ஓரிடத்தில் வைப்பது. நான்காவது, எந்த மெக்கானிக்கும் ஹார்டு டிஸ்கை அழிக்குமுன் தலைவரோ காரியதரிசியோ எழுத்து மூலம் அனுமதி தரவேண்டுமென்று நிர்வாகக் குழுவில் தீர்மானிப்பது.

ஆய்வாளர்களாகிய நாமும் நம் கடமையைச் செய்வோம். இனி எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும் ரொக்கத்தை எண்ணிய கையோடு தகட்டையும் கேட்பதென்று உறுதி கொண்டிருக்கிறோம். அங்கத்தினர்களும் பொதுப் பேரவையில் எழுந்து, "எங்கள் கணக்கு ஏறியிருக்கும் இயந்திரம் நின்றுபோனால் அதனை எழுப்பும் வழி என்ன?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குக் கம்ப்யூட்டர் அறிவு வேண்டுவதில்லை. சங்கம் தம்முடையது என்ற எண்ணம் போதும்.

உழவன் பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைத் தனியே காத்து வைக்கிறான். அடுத்த போகம் அதில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். சங்கத்தின் விதைநெல் இந்தச் சிறு தகடும், அதனோடு சேர்ந்த ஒரு வரி எண்ணும், வாரந்தோறும் எடுக்கும் நகலுமே. இவற்றைக் காத்துவைத்த சங்கத்தில், அந்த அம்மையாரைப் போல் எந்த நெசவாளியும் தம் உழைப்புக்குத் தாமே சாட்சி தேடி நிற்க நேராது.